என் மகளுக்குப் பிடித்த எழுத்தாளர்

போன மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்து கரியடுப்பு அணைந்துவிட்டது. அடுப்படியில் ஆள் இல்லாமல் இல்லை. என் மனைவி கமலாவும் மகள் விமலாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பத்திரிகைக்குள் இரண்டு தலைகள்.

நான் எழுதும் பத்திரிகையாக இருந்திருந்தால், பால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அது இல்லை. நம்முடைய பத்திரிகை – அதாவது இப்போது உங்கள் கையில் இருப்பது – தபாலில் வந்த உறைகூடப் பிரிக்கப்படாமல் ஜன்னலில் கிடந்தது.

அவர்கள் படித்துக்கொண்டிருந்தது ஒரு சிறுவர் பத்திரிகை. அதில் ‘துடுப்பு’ என்ற புனைபெயரில் ஒருவர் தொடர்கதை எழுதுகிறார். கிரேக்க நாட்டுப் பழங்கதைகளை வைத்துப் பின்னிய சாகசக் கதை. நெரியா என்று ஓர் அக்கா, தாலோன் என்று ஒரு தம்பி. அவர்களுடைய அப்பாவைக் கடல் தெய்வம் சிறைபிடித்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு பேரும் ஒரு சின்னக் கப்பலில் அவரைத் தேடிப் புறப்படுகிறார்கள். நெற்றியில் ஒற்றைக் கண் உள்ள ராட்சதன், பாடியே மாலுமிகளைப் பாறையில் மோதவைக்கும் பெண்கள்... வாரத்துக்கு ஓர் ஆபத்து.

விமலா பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் படிக்கிறாள். ராயபுரத்தில் அவள் வயதுப் பெண்களுக்கெல்லாம் நெரியா பைத்தியம். பெண்களுக்கு மட்டுமா? கடற்கரையில் ஒரு படகின் பக்கவாட்டில் ‘நெரியா’ என்று புதுப் பெயிண்டில் எழுதியிருந்ததை நானே பார்த்தேன். நானும்தான் இத்தனை வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். என் பெயரில் ஒரு தோணி உண்டா?

மற்ற எழுத்தாளனுக்குப் பணம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மாலை போட்டால்கூட, பூ எப்படியும் வாடிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டால்?

பதிலுக்கு ஒரு காரியம் செய்தேன். மூர் மார்க்கெட்டுக்குப் போய், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கிரேக்கப் புராணம். அதைப் படித்து நானும் ஒரு சாகசக் கதை தொடங்கினேன். முதல் அத்தியாயத்தை விமலாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்தாள்.

“நல்லாருக்குப்பா” என்றாள்.

சொந்தக்காரர் வீட்டு உப்புமாவைப் பற்றி, அவர்கள் எதிரிலேயே கேட்டால் எப்படிச் சொல்வோம்? அந்தக் குரல். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

அடுத்த வாரத் தொடரில் பெரிய இடி விழுந்தது. தீ எரியும் தீவு ஒன்றில் கப்பல் மாட்டிக்கொள்கிறது. யாராவது ஒருவர் தங்கி, அந்தத் தீ அணையாமல் காத்தால்தான் மற்றவர்கள் வெளியேற முடியும். நெரியா தங்குவதாகச் சொல்கிறாள். ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார் துடுப்பு.

விமலா அன்று சாப்பிடவில்லை.

“அவர் திருவொற்றியூர்லதான் இருக்காராம்பா. என்கூடப் படிக்கிற சாந்தாவோட அப்பா வேலை செய்யற கம்பெனியில டைம்கீப்பராம். நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“லெட்டர் போடேன்.”

“நேர்ல கேக்கணும். கூட்டிட்டுப் போங்கப்பா.”

எந்தத் தகப்பனுக்கு வரும் இந்தக் கொடுமை? ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, என் எதிரியின் வீட்டுக்கு என் மகளை நானே பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

கடற்கரைக்குப் போகும் சந்தில் ஓட்டு வீடு. பனியனோடு ஒருவர் வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் நாகரத்தினம். அவர்தான் துடுப்பு.

“வாங்க சார், குந்துங்க. வூடு கொஞ்சம் கலீஜா கீது... மனசுல வெச்சுக்காதீங்க.”

என் பெயரைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாராவாரம் நான் எழுதும் பத்தியின் பெயரையும் சொன்னேன்.

“அப்டிங்களா? சந்தோசம்” என்றார். கேள்விப்பட்டதே இல்லை என்று தெரிந்தது. நான் மட்டும் அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். என்றாலும் படித்திருக்கிறேனே.

விமலா நேராக விஷயத்துக்கு வந்தாள். “நெரியாவை ஏன் சார் தீவுல விட்டீங்க?”

“யாராச்சும் ஒருத்தர் நெருப்பைப் பாத்துக்கினு இருந்தாத்தானேம்மா கப்பல் போவும்? இல்லாங்காட்டி எல்லாரும் பூடுவாங்க.”

“அது ஏன் அவளா இருக்கணும்? நட்சத்திரம் பாத்து வழி சொல்றது அவதானே? அவ இல்லாம தாலோன் எப்படி ஊர் போய்ச் சேருவான்? அவனுக்கு வடக்கு எது, தெற்கு எதுன்னே தெரியாதே.”

நாகரத்தினம் கன்னத்தைச் சொறிந்தார். “அத்த நான் யோசிக்கல.”

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? ‘பொறுத்திருந்து பார்’ என்று மர்மமாகச் சிரித்திருப்பேன். அவர் உள்ளே போய் ஒரு சாக்குக்கட்டி எடுத்து வந்து, தரையில் தீவைப் போட்டார். கப்பல் இங்கே, நெருப்பு இங்கே, பாறை இங்கே. விமலா எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பாறையை அழித்துத் தள்ளிப் போட்டாள். அவர் பழையபடி கொண்டுவந்து வைத்தார்.

“தம்பி சின்னப் பையன். அவன உட்டுட்டுப் போவ மனசு வரல. அதான் அவ நிக்கிறா.”

“மனசு வராதது உங்களுக்கு. அவளைக் கேட்டீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் எதிரில் வந்து உட்கார்ந்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

நானும் நடுவில் புகுந்து, “கிரேக்க மரபில் தியாகம் என்பது...” என்று ஆரம்பித்தேன். இருவரும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள். “ஆமா சார்” என்றார் அவர். மறுபடி தரைக்குக் குனிந்துவிட்டார்கள். நாகரத்தினத்தின் மனைவி கொண்டுவந்த டீ என் கையில் ஆறி ஏடு கட்டியது.

வீட்டில் விமலா என்னிடம் பேசுவது எவ்வளவு தெரியுமா? உம். சரிப்பா. வேணாம்ப்பா. இங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். இவளுக்கு இப்படிக் கையை ஆட்டிப் பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது. அதுவரை அந்த மனிதரின் எழுத்தின் மீதுதான் எனக்குப் பொறாமை. டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், அந்தத் தரையில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தின் மீதே பொறாமை வந்தது.

புறப்படும்போது, “இன்னும் ரெண்டு வாரம் கீதும்மா. பாக்கறேன். வாக்கு குடுக்க மாட்டேன்” என்றார்.

பஸ்ஸில் வெகுநேரம் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. “அவர் என்னைவிட நல்லா எழுதறாரா?” என்று கேட்டுவிட்டேன்.

விமலா யோசித்தாள். “அப்படி இல்லப்பா. உங்க கட்டுரையில கடைசியில எப்பவும் நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும். அப்புறம் நான் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

தண்டையார்பேட்டை வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னேன்: “தாலோனே தங்கட்டும். அவனுக்கு நீச்சல் தெரியும், பின்னால நீந்தி வந்துடுவான். சுழியில விழுந்து எழுந்து வந்தானே.”

சட்டென்று திரும்பினாள். “நீங்க படிக்கறீங்களா?”

“எப்பவாவது...”

“நீச்சல் தெரிஞ்சா? சுத்தி நெருப்பு மீன் இருக்கேப்பா” என்று தொடங்கினாள். எங்கள் ஸ்டாப் வரும்வரை சண்டை போட்டாள். எல்லாவற்றிலும் நான் தோற்றேன். பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம்.

இந்த வாரம் கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. துடுப்பு தன் பழைய முடிவையும் வைக்கவில்லை, விமலா சொன்னதையும் எழுதவில்லை. அக்காவும் தம்பியும் தீவிலேயே தங்கிவிடுகிறார்கள். மீட்கப்பட்ட அப்பா மட்டும் கப்பலில் தனியாக ஊர் திரும்புகிறார். அந்தக் கடைசிப் பக்கத்தை நான் இன்னொரு முறை படித்தேன்.

விமலாவுக்குக் கோபம். “தனியா அனுப்பறதுக்கா அவ்வளவு தூரம் தேடிப் போனாங்க?” என்று அம்மாவிடம் கத்தினாள். பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அவளுடைய முடிவை அவளே எழுதுகிறாளாம். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தேன். முழங்கையால் மறைத்துக்கொண்டாள். இருக்கட்டும், எழுதி முடித்தால் யாரிடம் காட்டுவாள்? வீட்டிலேயே ஓர் எழுத்தாளன் இருக்கிறான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இன்று காலை கனமான உறை ஒன்றோடு வந்தாள். “அப்பா, திருவொற்றியூருக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டணும்?”

விலாசமாவது நான் எழுதித் தருகிறேன் என்றேன். அதையும் அவளே எழுதிவிட்டாளாம்.