தீப்பெட்டிக்குள் பாவாவின் கேப்

தீப்பெட்டியைத் திறந்து பாவா என் உள்ளங்கையில் கொட்டியது ஒரு பல். பல் என்றால் பல்லல்ல, ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லின் மேல் டாக்டர் மாட்டிய வெள்ளி நிறக் கேப். பாவா என் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்குள்ளேயே பவர்லூம் வைத்து லுங்கி நெய்தவர். அறுந்த இழையை முடிச்சுப் போட்டதும் மிச்ச நுனியைப் பல்லால்தான் கடித்துத் துப்புவார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே சும்மா தொங்கும். அப்படிக் கடித்ததில் கேப் கழன்றுவிட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருந்தது. காவடிக்கு மாலை போட்டிருந்தார். மாலை கழற்றும்வரை உடம்பில் ஊசி, கத்தி படக்கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டுப்பாடு. "மலை ஏறி எறங்கிட்டு டாக்டராண்ட போறேன் மச்சான். அதுவரைக்கும் நிக்கிற மாதிரி எதனா பண்ணு" என்றார்.

திருத்தணியில் எனக்குச் செல்போன் ரிப்பேர் கடை. என் கைவேலையின்மேல் எனக்கிருந்த நம்பிக்கை எந்த வாடிக்கையாளருக்கும் இருந்ததில்லை, பாவாவைத் தவிர. "கியாரண்டி கெடையாதுங்க பாவா" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாய்க்குள் வெளிச்சம் விழுந்தது. கேப் இருந்த இடம் கறுத்துக் கிடந்தது, நாற்றமும் அடித்தது. பார்த்துவிட்டுத்தான் செல்போன் பசையால் ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் ஒட்டிக் கழலாத ஒரே பொருள் அது.

நாலாம் நாள் கன்னம் வீங்கியது. "லட்டை முழுங்காம வெச்சிருக்காரு" என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், "டாக்டராண்ட கூட்டிகினு போடா" என்றாள். கிருத்திகை முடியட்டும் என்றேன். காவடியோடு படியேறும்போது எச்சில் விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே போனார். இறங்கியபோது கழுத்தும் வீங்கி மூச்சு இழுத்தது. அரக்கோணத்தில் பார்த்த டாக்டர், கேப்புக்கு அடியில் கட்டிய சீழ் வெளியே வர வழியில்லாமல் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. பாவா உயிரோடு போய்ச் சேரவில்லை.

சாம்பல் அள்ளப் போனபோது எலும்புகளுக்கு நடுவே அந்தக் கேப் கிடந்தது. யாரும் பார்க்குமுன் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "கேப்பு கழண்டுச்சின்னாரே, அப்புறம் யாருடா ஒட்டனது?"

"டாக்டர்தான்" என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லாத என் முதல் பொய்.

போன வாரம் கண்ணாடி உடைந்த போனை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு வந்தாள். வேறு கடையில் கொடுக்கச் சொன்னேன். "நீ ஒட்டனாத்தான்டா நிக்கும்" என்றாள். பசை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தேன். பசைக்குப் பக்கத்தில் பாவாவின் தீப்பெட்டி இருந்தது. பசையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினேன்.