பழவேற்காட்டு மணலில் பூட்ஸ் தடம்

ஆவடியில பருத்திப்பட்டு ஏரி ஓரமா எங்க பழைய வீட்டுல சித்தி தனியா இருக்காங்க. எழுபத்தஞ்சு வயசு. போன மழையில பின்பக்கச் செவுரு பாதி விழுந்துடுச்சு, ஏரித் தண்ணி அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. கோவில்பதாகையில என் வீட்டு மாடியில அவங்களுக்குன்னே ஒரு ரூம் காலியா கிடக்கு. கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், அசையமாட்டாங்க.

"அவருக்கு இந்த ஊடு ஒண்ணுதான் தெரியும் நைனா. வந்தார்னா எங்கன்னு தேடுவாரு?"

அவருன்னா எங்க சித்தப்பா. அப்பாவோட தம்பி. எழுபத்தொண்ணு சண்டை நடந்தப்ப செங்கல் லாரியில லோடு ஆளா கடலோரத்துப் பழவேற்காட்டுக்குப் போனவரு. போனவர் போனவர்தான். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சித்தி இன்னும் தினம் குளிச்சு, பூ வச்சு, வாசக் கதவைத் திறந்து வைக்கிறாங்க.

அந்தச் சண்டை நாள்ல எங்க ஊர்ல வேற பேச்சே கிடையாது. எதிரி கடலோரமா ரகசியமா எறங்கிட்டான்னுதான் பேச்சு. ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு கதை வச்சிருப்போம். கறுப்பு ரப்பர் போட்டுல வந்தான்னு ஒருத்தன் சொல்லுவான். மீன்காரன் வேஷம், கூடையில மீனுக்கு அடியில வயர்லெஸ்ஸுன்னு இன்னொருத்தன் சொல்லுவான். சவுக்குத் தோப்புல டார்ச் அடிச்சுக் கூப்பிடுறாங்கன்னு மூணாவது ஆளு. ஒருத்தனும் கடலைக் கண்ணால பார்த்தது கிடையாது! ஆவடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா ராணுவத்துக்குச் சாமான் செய்யுற ஃபேக்டரி எங்க ஊர்லதானே இருக்கு, எதிரி கரையில கால் வச்சா நேரா இங்கதான் வருவான்னு எங்களுக்கு ஒரு பெருமை வேற.

பத்து நாளாகியும் தம்பி வரலைன்னதும் அப்பா தேடிக் கிளம்பினாரு. எனக்குப் பத்து வயசு, துணைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பழவேற்காட்டுல பஸ் நிக்கிற இடத்துல ஒரு டீக்கடை. ஒரு பன் வாங்கிக் கையில குடுத்து என்னை அங்க உட்கார வச்சுட்டு அவர் மட்டும் குப்பத்துக்குள்ள போனாரு. திரும்பி வரும்போது மூஞ்சி செத்துப்போயிருந்தது. பஸ்ல செங்குன்றம் தாண்டினோம். அப்புறம் சொன்னாரு:

"உங்க சித்தப்பாவை எதிரி புட்ச்சிக்கினு பூட்டான்டா. அவனுங்க கரையில எறங்குனதை இவன் பார்த்துட்டானாம். மூச்சு வுடாத. வெளிய தெரிஞ்சா என் வேலை பூடும்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதுன்னு சொல்லுவாங்க. எங்க தெருவுல மூடினாங்க. ஃபேக்டரியில வேலை செய்யுறவங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு, கேட்டுக்கு உள்ள நடக்குறதை வீட்டுல கேக்கக் கூடாது. எங்கப்பா முப்பது வருஷம் அங்க எதை முடுக்கினார்னு எங்கம்மாவுக்குச் சாகுற வரைக்கும் தெரியாது. பின்னாடி அங்கயே வேலைக்குப் போன நானும் வீட்டுல சொன்னது கிடையாது. அப்பா 'சீக்ரெட்'டுன்னு ஒரு வார்த்தை சொன்னதும் மொத்த வீடும் கப்சிப். வேற ஊரா இருந்தா பொண்டாட்டிக்காரி போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போய் உருண்டிருப்பா. சித்தி தலையாட்டினாங்க.

ஆனா என்னைத் தனியாப் பார்த்துக் கேட்டாங்க. "நீ இன்னாடா பார்த்தே?"

நான் பார்த்தது ஒரு டீக்கடை, ஒரு பன், ஒரு சொறிநாய். அவ்ளோ தூரம் போயிட்டு வந்து இதைச் சொல்லவா? "மணல்ல பூட்ஸ் தடம் பார்த்தேன் சித்தி. இவ்ளோ பெருசு"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். அப்பா பின்னாடிதான் நின்னுட்டிருந்தாரு. மறுநாள் எனக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிக் குடுத்தாரு.

அப்பா சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எனக்கு உண்மை தெரிஞ்சுது. சித்தப்பாவை எவனும் பிடிக்கலை. அதே குப்பத்துல ஒரு பொம்பளையோட குடும்பம் நடத்திட்டு இருந்திருக்காரு. "நான் வரமாட்டேன், செத்துட்டேன்னு சொல்லிடு"ன்னு அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காரு. ரெண்டு பசங்க. அப்புறம் மஞ்சக்காமாலையில அங்கயே போயிட்டாரு. "உங்க சித்தி தூக்குல தொங்கிடுவாளோன்னு பயந்துட்டேன்டா"ன்னு அப்பா அழுதாரு. அப்ப எங்களுக்கு ஏரிக்குக் கீழ கொஞ்சம் நிலம் இருந்தது, நடவுக்கும் களையெடுப்புக்கும் வீட்டுல ஆள் வேணுமேங்கிற பயமும் இருந்திருக்கும். சாகப்போற மனுஷன்கிட்ட அதை எப்படிக் கேக்குறது? கேக்கலை. சித்திகிட்டயும் சொல்லலை. பன்னெண்டு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். தூ, நானும் ஒரு ஆம்பளை.

இப்ப சமீபத்துல மறுபடியும் டிவியில சண்டை. ஒரு நாள் சாயங்காலம் ஒத்திகைன்னு சங்கு ஊதினாங்க. போன்ல அதே பழைய கதை புதுசா வருது: கடலோரத்துல ஆள் எறங்கிட்டான், எல்லாருக்கும் அனுப்புங்க. ஊரே மிரண்டு கிடக்க, சித்தி மட்டும் சிரிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்தாங்க. மறுநாள் முன்செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க. ஒரு புது வேட்டி எடுத்துட்டு வந்தாங்க. விழப்போற வீட்டுக்குச் சுண்ணாம்பு!

"சண்டை நின்னா புட்ச்சி வச்சவங்களை மாத்திக்குவாங்களாம், டிவியில சொன்னான். கலெக்டருக்கு ஒரு மனு எழுது நைனா."

பேப்பரோட உட்கார்ந்தேன். சித்தி முறத்துல மொச்சை உரிச்சுக்கிட்டே சொல்லச் சொல்ல எழுதினேன். பேரு, வயசு, அடையாளம். 'காணாமல் போன இடம்'னு எழுதினதும் கை நின்னுபோச்சு. இந்த மழைக்கு இந்த வீடு தாங்காது, இவங்க உள்ளயே செத்துப்போவாங்க, இன்னிக்கு விட்டா என்னிக்கும் சொல்லமாட்டேன்னு தோணுச்சு. அந்தப் பொம்பளை, பசங்க, மஞ்சக்காமாலை, அப்பா சாகும்போது சொன்ன எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

சித்தி மொச்சை உரிக்கிறதை நிறுத்தலை.

"சாவுற நேரத்துல மனுசன் இன்னான்னாமோ பெனாத்துவாரு. சரி, உங்கப்பா பொய்யே சொன்னாருன்னு வச்சுக்கோ. அந்த பூட்ஸ் தடம்? நீ கண்ணால பார்த்தியே. பத்து வயசுப் புள்ள பொய் சொல்லுமா?"

"நான்தான் சித்தி பொய் சொன்னேன். நான் அன்னிக்குக் கடலைக்கூடப் பார்க்கலை." எனக்கு அழுகை வந்துடுச்சு. அறுபத்திநாலு வயசுல மூக்கு ஒழுக அழுதேன்.

சித்தி முறத்தை வச்சுட்டுக் கிட்ட வந்தாங்க. முந்தானையால என் மூஞ்சியைத் துடைச்சாங்க. குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"நீயும் அந்த ஃபேக்டரியில முப்பது வருசம் இருந்தவன்தானே. இப்டித்தான் சொல்லணும்னு உனுக்கு ஆர்டர் கீது, எனுக்குத் தெரியாதா? அழுவாத. நான் யாராண்டயும் கேக்க மாட்டேன், சொல்லவும் மாட்டேன். நீ எழுது. அந்தத் தடத்தை மட்டும் மறக்காம எழுதிடு."

எழுதினேன். பூட்ஸ் தடத்தையும் எழுதினேன். சாட்சி ஒருத்தர் வேணுமேன்னு சித்தி கேட்டாங்க. கீழே நானே கையெழுத்துப் போட்டேன்.