கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்த துணி

மூன்று வாரங்களுக்கு முன், லிந்துலையில் ரஹீம் நானாவின் சில்லறைக் கடையில் நின்றிருந்தேன். கூட என் அக்கா மகள் தர்ஷினி. கொழும்பில் மென்பொருள் பொறியாளர். இயங்குதளத்தின் கெர்னலை வேகமாக்குவது அவள் வேலை.

கெர்னல் என்றால்? கணினிக்குள் புரோகிராம்கள் கேட்பதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானாவுக்கு ஒரு பழக்கம். வளைவில் ஆள் தெரியும்போதே சாமான் மேசைக்கு வந்துவிடும். நான் வாய் திறக்குமுன் எனக்கான பிளேடும் பேட்டரியும் தயார்.

“கெர்னலும் இப்படித்தான் மாமா,” என்றாள் தர்ஷினி. “ஒரு ஃபைல்ல ஒரு பக்கத்தைக் கேட்டா அடுத்த நாலு பக்கத்தையும் எடுத்து வச்சிரும். புரொசசர் அதுக்கும் மேல. என்ன கேப்போம்னு ஊகிச்சு, வேலையையே முடிச்சிரும்.”

“ஊகம் தப்பினா?”

“தூக்கிப் போட்டுரும். ஆனா தடம் இருக்கும். அத வச்சே ரகசியத்தத் திருடலாம்னு கண்டுபிடிச்சாங்க. இப்ப கெர்னல் தடத்த அழிச்சு அழிச்சுத்தான் வேலை பாக்குது. அதுலதான் வேகம் போகுது.”

நானா சிரித்தார். “நம்ம கடையில அழிக்க என்ன இருக்கு மகள்?”

அப்போது மூடுபனிக்குள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தார். மேல் தோட்டத்துச் செல்வராஜ். வேலை நேரம். குடை இல்லை, காலில் செருப்பும் இல்லை. இப்படி ஓடி வருபவர் எதற்கு வருவார்?

நானாவின் கை தானாகப் போனது. வெள்ளைத் துணி, கற்பூரம், பன்னீர் — சாவு வீட்டுக்கான மூன்றும் மேசையில்.

“நானா, போனுக்கு ரீலோட் ஒண்ணு போடுங்க, காசு தீந்திருச்சு,” செல்வராஜுக்கு மூச்சு வாங்கியது. “வீட்டுக்காரிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன். வாட்டுக்கு கோல் எடுக்கணும்...”

சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தார்.

நானா எல்லாவற்றையும் அள்ளி அலமாரிக்குள் தள்ளினார். இரண்டு விநாடி இருக்குமா? கற்பூர வாசனை மட்டும் போகவில்லை.

ரீலோட் விழுந்ததும் செல்வராஜ் வாட்டுக்குப் பேசி முடித்தார். “முழிச்சிட்டாளாம்...” சிரிக்கவில்லை. கண் அலமாரியிலேயே இருந்தது.

வேகமானவர்கள் என்று நாம் மெச்சுகிறவர்களில் பாதிப் பேர் ஊகக்காரர்கள்தான். பலிக்கும்வரை அதற்குப் பெயர் திறமை. தப்பினால் மேசையைத் துடைத்துவிடலாம் — பார்த்த கண்ணை?

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். நானா இப்போது கேட்ட பிறகே கையை நீட்டுகிறார். மேசைக்கு முன் ஒரு பெண், சால்வைக்குள் ஒடுங்கி, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி. செல்வராஜின் மனைவி லெட்சுமி.

“சொகமா தங்கச்சி? என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாங்க நானா. இவரு தூங்குறதே இல்ல. நான் மூச்சு விடுறேனான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. எனக்குன்னு ஒரு துணி எடுத்து வச்சீங்களாமே... அதக் கொஞ்சம் காட்டுங்க.”

மூடுபனி கடை வாசல்வரை வந்திருந்தது. நானா அலமாரியை மறைத்து நின்றுகொண்டார்.

“அதுவா... அது வித்துப் போச்சு தங்கச்சி.”

லெட்சுமியின் முகம் வெளுத்தது. மெதுவாகக் கேட்டார்:

“யாருக்குங்க?”

நானா வெறும் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.