தீப்பெட்டிப் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம்

திருத்தங்கலில் எழுத்தாளர் மாரிசெல்வி வீடு எது என்று கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். புரூஃப்காரம்மா வீடு என்று கேட்டால் டீக்கடைக்காரரே கல்லாவை விட்டு இறங்கி வந்து சந்து வரைக்கும் கூட்டிப்போய் விடுவார். சிறுவர்களுக்காக அவள் வரலாற்றுப் புத்தகங்கள் எழுதியது தெருவில் யாருக்கும் பெரிய சேதியாக இருந்ததில்லை. ஊர் முழுக்கத் தாளும் பட்டாசு மருந்துமாகக் கிடக்கிற இடத்தில் புத்தகம் என்ன அப்படியொரு அதிசயச் சரக்கு?

அவள் எழுத்தாளர் ஆனதே ஒரு மெஷின் சும்மா நின்றதால்தான். அவள் புரூஃப் படித்து அச்சுப்பிழை திருத்திய ரத்தினசாமி முதலாளியின் அச்சகம் காலண்டர் அச்சகம், லேபிளும் நோட்டுப் புத்தகமும் சில்லறை வேலைதான். ஆடிப் பதினெட்டில் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியானால் ஆர்டர் குவியும், பொங்கல் வரைக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பொங்கல் முடிந்துவிட்டால் மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு ஆட்கள் ஈ ஓட்டுவார்கள். ஈ ஓட்டுகிறவர்கள் நாலு நாளில் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ஆட்களைத் தக்கவைக்க 2001ஆம் வருஷம் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார்: சீசன் இல்லாத மாதங்களில் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் புத்தகம் போடுவது. எழுதித் தருகிறேன் என்று சொன்ன மதுரைக்காரர் மகள் கல்யாணத்தில் மூழ்கிவிட்டார். தாள் வந்து இறங்கிவிட்டது, எழுத்து வரவில்லை.

"மொதலாளி, நான் வேணா எழுதிப் பாக்கட்டுமா?" என்று புரூஃப் மேஜையிலிருந்து மாரிசெல்வி கேட்டாள்.

"எழுதேன். மெஷின் துருப்பிடிக்கிறதுக்கு அது தேவலை" என்றார் அவர். எரிச்சலில் சொன்னதை அவள் வரமாக எடுத்துக்கொண்டாள்.

முதல் புத்தகம் சிந்துவெளியைப் பற்றியது. 'மண்ணுக்குள் இருந்த ஊர்' என்று பெயர். அதற்கு அட்டை என்ன தெரியுமா? பனிமலையும், அதன் அடியில் சிவப்புக் கூரை வீடும், வீட்டு வாசலில் ஒரு நாய்க்குட்டியும். போன வருஷக் காலண்டரில் விலைபோகாத படம். மாரிசெல்வி பார்த்துவிட்டு அழாத குறை. "கெடக்கட்டும், புள்ளைகளுக்கு நாய்க்குட்டி பிடிக்கும்ல" என்று முதலாளி முடித்துவிட்டார். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு சிறுமி, அந்த நாய்க்குட்டி என்ன ஆனது, உள்ளே எங்கும் வரவில்லையே என்று கார்டு போட்டாள். அடுத்த பதிப்பில் சிந்துவெளி மக்கள் நாய் வளர்த்ததைப் பற்றி மாரிசெல்வி ஒரு பத்தி சேர்த்தாள். வேறென்ன செய்வது?

அந்த மாசி, பங்குனி, சித்திரை மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஏக்கம்தான். சனிக்கிழமை பஸ் ஏறி விருதுநகர் நூலகத்துக்குப் போவாள். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் புருஷன் பாண்டிராஜ், திரும்பும்போது எந்தக் கோட்டை வாசலில் எந்தப் புத்தகம் விற்றாலும் வாங்கி வருவான். அத்தனையும் இந்தி. "படம் இருக்குல்லா, படத்தைப் பாத்து எழுது" என்பான். அவளும் படத்தைப் பார்த்தே சிலதை எழுதியிருக்கிறாள், பிறகு நூலகத்தில் சரிபார்த்துக்கொள்வாள்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவள் கொண்டுபோகிற இடம் மடிப்புப் பிரிவு. பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகி வரும். அதை ஃபாரம் என்பார்கள். அந்தத் தாள்களை மடிக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கை மடித்துக்கொண்டே இருக்கும், காது சும்மாதானே இருக்கிறது? மாரிசெல்வி நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆனால் சலிப்பு தெரியும். ஒருத்தி கொட்டாவி விட்டால் அந்தப் பத்தி போயிற்று. பக்கத்தில் இருப்பவளிடம் ரேஷன் கடையைப் பற்றி இன்னொருத்தி பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கமே போயிற்று. முத்துமாரியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், ராஜாக்கள் சண்டை என்றாலே, "இவுகளுக்கு வேற சோலியே கெடையாதா?" என்று கேட்டுவிடுவாள். அவளுக்காகவே மாரிசெல்வி தன் புத்தகங்களில் சண்டைகளைக் குறைத்து, அந்தக் காலத்துச் சமையலைக் கூட்டினாள்.

அந்த வரிசையின் கடைசியில், தூணோரமாக உட்கார்ந்து மடித்தவள் மாரித்தாய். மாரிசெல்வியின் அம்மா. மகள் எழுதிய ஒவ்வொரு புத்தகத்தையும் அச்சாகுமுன் கேட்டவள். நல்லா இருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை, குறையும் சொன்னதில்லை. வாசித்து முடிந்ததும் தலையை ஒருமுறை ஆட்டுவாள். அந்த ஒரு ஆட்டத்துக்காக மாரிசெல்வி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிப்பாள்.

2007இல் அவள் எழுத எடுத்தது தீப்பெட்டியின் வரலாறு. ஐந்து அத்தியாயங்கள் அருமையாக வந்துவிட்டன. ஆறாவது, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தொழிற்சாலையில் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றியது. அதை அவள் எந்த நூலகத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா செத்த வருஷம் அவளுக்கு எட்டு வயது. அவர்கள் அப்போது இருந்த எம். புதுப்பட்டியிலிருந்து விடியுமுன்னே ஆபீஸ் பஸ் கிளம்பும். அம்மா உலுக்கி எழுப்பி, தூக்குவாளியைக் கையில் மாட்டி, தூக்கக் கலக்கத்தோடே ஏற்றிவிடுவாள். பாதி வழியில்தான் முழு விழிப்பு வரும். நாள் பூராவும் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பள்ளம் வெட்டிய கட்டைகளில் அடுக்க வேண்டும். லேபிள் ஒட்டவும் சிலநாள் விடுவார்கள். ஒரு லேபிளில் கோட்டைப் படம் இருக்கும். "இதுக்குள்ள யாரு இருந்தாக?" என்று கேட்டதற்கு, "ஒட்டுற சோலியப் பாரு" என்றார் கணக்குப்பிள்ளை. அப்புறம் ஒருநாள் இரவுப் பள்ளி வாத்தியார் நாகையா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார், வேலை நின்றது, நான் பள்ளிக்குப் போனேன் என்று அத்தியாயத்தை முடித்திருந்தாள். முதல் புத்தகத்தையே அவள் அந்த வாத்தியாருக்குத்தான் காணிக்கை ஆக்கியிருந்தாள்.

முதலாளி படித்துவிட்டு மோவாயைத் தடவினார். "கம்பெனி பேரு எதுவும் வரலையே? லேபிள் ஆர்டர் எல்லாம் அவுகட்ட இருந்துதான வருது."

"ஒரு பேரும் இல்ல மொதலாளி. எம் பேரு மட்டுந்தான்."

"அப்பப் போடு. சட்டுனு முடி, நோட்டுப் புத்தகம் ஆர்டர் ஏறப்போகுது."

அன்று மத்தியானம் மடிப்புப் பிரிவில் வாசித்தாள். கொட்டாவி இல்லை, ரேஷன் கடைப் பேச்சு இல்லை. மடிக்கிற சத்தமே நின்றுவிட்டது. வாத்தியார் வந்த இடத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மாரித்தாய் எழுந்தாள், முந்தானையை உதறினாள், வெளியே போனாள். சாயங்காலம் வரை திரும்பவில்லை.

வீட்டிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் தொடவில்லை. "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல. நீ எழுதுனதை எழுதிட்ட" என்றாள். அப்பா இல்லாத வீட்டில் தன்னை ஆளாக்கியவளை ஊர் முன்னால் நிறுத்திவிட்டோமே என்று மாரிசெல்வி மருகினாள். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. உண்மையை விட்டுவிட்டு வரலாறு என்று பிள்ளைகளிடம் எதை நீட்டுவது? ஆனால் பெற்றவளை நோகடித்துவிட்டு என்ன புத்தகம் வேண்டியிருக்கிறது? இரண்டு நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைபாய்ந்தாள். மூன்றாம் நாள் அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் தீக்குச்சி மரங்களைப் பற்றி எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, நேரே தூணோரம் போய் அம்மாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டேன்மா. அது வராது. இனியாவது சாப்பிடு."

மாரித்தாய் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "எடுக்கச் சொல்லி ஒன்னைய யாரு கேட்டா?"

"ஊரு ஒன்னையப் பேசும்னுதான..."

"பேசட்டும். இந்த வரிசையில யாரு வீட்டுப் புள்ள போகல? முத்துமாரி மக போகலையா? நான் அனுப்புனேன், நீ எழுதுன. அதுக்கா எந்திரிச்சுப் போனேன்?"

"பின்ன எதுக்கும்மா?"

"அனுப்புனதுக்கு நானு. நிப்பாட்டுனதுக்கு வாத்தியாரா?"

சுற்றி இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"வாத்தியாரு வந்தது தை மாசம்" என்றாள் மாரித்தாய். "நீ கார்த்திகையிலயே ஆபீஸை விட்டு நின்னுட்ட."

"அப்ப எனக்குக் காய்ச்சல்னு சொன்னியே?"

"காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆபீஸ்காரன் வந்து கேட்டா என்னத்தைச் சொல்ல? காய்ச்சல்னேன். நீயும் அதையே நம்பிக்கிட்ட. வாத்தியாரு நல்ல மனுசன், பள்ளிக்கூடம் சேத்துவிட்டாரு. அவரு பேரை மொதப் பொஸ்தகத்துல போட்டப்பவும், இருக்கட்டும்னுதான் விட்டேன். ஆனா அன்னிக்கி நீ வாசிக்கையில, ஒன்னைய பஸ்ஸுல ஏத்துனவளா மட்டும் நான் நிக்கிறேன். அதைத்தான் என்னால தாங்க முடியல."

"என்னம்மா நடந்துச்சு?"

"ஒருநா விடியக்காலம் எழுப்பத்தான் வந்தேன். நீ அசந்து தூங்குற. ஆனா ஒன் வெரலு தூங்கல. குச்சி அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணொண்ணா எடுத்து, போத்தியிருந்த சேலை மடிப்புல வச்சு, தட்டி, அடுத்ததை எடுத்து... நான் ஒன் கையப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்ச கைக்குள்ளயும் அடுக்குது. வாசல்ல பஸ்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே கெடந்தான். பேரு சொல்லிக்கூடக் கூப்பிட்டான். நான் கதவைத் தொறக்கல."

மாரிசெல்வி அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். முப்பத்தேழு வயதுப் பெண், வேலைத்தலம் என்றும் பாராமல், சத்தம் போட்டே அழுதாள். முத்துமாரியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, மடித்து வைத்திருந்த கட்டு நனையாமல் தள்ளிவைத்தாள்.

"அதுக்கப்புறம் சோத்துக்கு என்னம்மா செஞ்ச?"

"எங் கட்டையோட ஒன் கட்டையையும் சேத்து நான் அடுக்குனேன். வேறென்ன செய்வாக?"

மறுநாள் அத்தியாயம் திரும்ப எழுதப்பட்டது. புத்தகம் நோட்டுப் புத்தக ஆர்டருக்கு முன்னால் வெளியாகிவிட்டது, வழக்கம்போல அட்டைதான் சொதப்பல். ஆறாம் அத்தியாயம் அச்சான ஃபாரத்தைத் தூணோரமாகவே அடுக்கச் சொல்லி, வேறு யாரையும் தொடவிடாமல் அத்தனையையும் மாரித்தாய் ஒருத்தியே மடித்தாள். அந்த அத்தியாயத்தில் நாகையா வாத்தியார் இரண்டாவது பத்தியில்தான் வருகிறார். முதல் பத்தியில் ஒரு பெண், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.