கைக்குக் கொடுத்த விடுமுறை

திண்டுக்கல் கடைவீதியில் நான் கடைகளுக்குப் படம் போட்டு போர்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், தோல் சாமான் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் எனக்கு நெருங்கிய சிநேகிதர். செருப்பு, பெல்ட்டு, குதிரை வண்டிக்குச் சேணம் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். மத்தியானம் வியாபாரம் மந்தமான நேரத்தில் என் வீட்டு முன்கட்டில் இருந்த பட்டறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதோடு நிறுத்தமாட்டார், குறையும் சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஒருநாள் அவர் ஆரம்பித்தார். "ஆர்ட்டிஸ்டே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. நம்ம கடைவீதியில எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரே பொம்பளதான் நிக்கிது. குடைக்கடையில குடை பிடிச்சிருக்கு. எண்ணெய்க்கடையில முடிய விரிச்சுப் போட்டிருக்கு. பாத்திரக்கடையில கொடத்தைத் தூக்கிட்டு நிக்கிது. அந்தப் புள்ளைக்குச் செத்த நேரம் ரெஸ்ட் குடுங்களேன்."

நான் கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், காய் வாங்கப் போகிறவன் மாதிரி பையை எடுத்துக்கொண்டு கடைவீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தேன். பாய் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். ஜவுளிக்கடையிலும் அவளேதான். அதே கன்னக்குழி, அதே இடது பக்கச் சாய்வு. அவளைச் சுற்றி நான் போட்டிருந்த கொடியிலும் அதே ஐந்து இலை, அதே மொட்டு. எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பயமாக இருந்தது. கையில் இருக்கும் கோட்டைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. அந்தக் கோடு செத்துக் கிடப்பதை ஊரே பார்த்துவிட்டது, நான் மட்டும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாய் பெரிய கடையாகப் பார்த்து இடம் பிடித்தார். புதுக் கடைக்கு போர்டு நான்தான் எழுத வேண்டும் என்றார். அவருக்கு மனித உருவம் எதுவும் வேண்டாம். நடுவில் எழுத்து, நாலு பக்கமும் பச்சை இலைக்கொடி. "எங்கயும் பார்க்காத கொடியா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். கடை திறக்க ஒன்றரை மாதம் இருந்தது.

கரித்துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது தாள் போட்டேன். இருபதிலும் அந்த ஐந்து இலைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. துரத்தத் துரத்த ஈ மாதிரி அதே இடத்தில் வந்து மொய்த்தன. சரி, ஓய்வு எடுத்தால் தீரும் என்று மதுரைக்கு பஸ் ஏறினேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஓய்வு என்றால் மதுரைக்குப் போய் ஒரே நாளில் மூன்று சினிமா பார்ப்பதுதான். படம் பார்த்த நேரத்தைவிட, தியேட்டர் வாசல் பேனர்களை அண்ணாந்து பார்த்து, மூக்குச் சரியில்லை, விரல் சரியில்லை என்று மனதுக்குள் திருத்திய நேரம்தான் அதிகம். தலைவலியோடு திரும்பி வந்தேன்.

என் மனைவி ஒரு வழி சொன்னாள். "கன்னிவாடிப் பக்கம் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாங்க. பத்து நாள் இருங்க. இங்க நான் பாத்துக்கிறேன்."

அவள் பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டறையில் பாதி வேலை அவளுடையது. பழைய தகர போர்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள், வெள்ளை அடிப்பாள், பவுடரை எண்ணெய் விட்டு அரைத்து எனக்குத் தேவையான கலரைச் சிரட்டைகளில் கலக்கி வைப்பாள். வீட்டு வேலையும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் அதற்கு மேலே. பையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

பையில் பிரஷ்களையும் வைத்துக்கொண்டு போனதுதான் நான் செய்த முட்டாள்தனம். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த சொந்தக்காரன் ஊருக்கு வந்தால், அவனிடம் ஒரு வேலை சொல்வதுதான் மரியாதை. சொல்லாமல் விட்டால், உன் வேலையை நாங்கள் மதிக்கவில்லை என்று அர்த்தம் ஆகிவிடும். அவனும் மறுக்கக்கூடாது. மறுத்தால், போட்ட சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்த மாதிரி. முதல் நாள் என் சகலையின் வண்டிக்குப் பெயர் எழுதினேன். அதைப் பார்த்து பக்கத்து வீட்டு வண்டி வந்தது. பிறகு மாட்டுக் கொம்புகள், மச்சுக் கதவு, பால் சொசைட்டிச் சுவர். ஒரு பெரியவர் மண்வெட்டிப் பிடியில் பெயர் எழுதிக்கொண்டு போனார். வீட்டுக்கு வீடு கூப்பிட்டு கோழி அடித்துப் போட்டார்கள். பத்து நாளில் உடம்பு பெருத்து, கை செத்துத் திரும்பினேன். வந்ததும் கரித்துண்டை எடுத்தேன். ஐந்து இலைகள்.

அன்றைக்கு நான் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மறுநாள் மனைவி என் பையிலிருந்து பிரஷ்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பழைய வேட்டியைக் கிழித்து என் வலது கையில், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கெட்டியாக ஒரு கட்டுப் போட்டாள்.

"கையில அடின்னு சொல்லுங்க" என்றாள். "கேட்டா தகரம் கிழிச்சிருச்சுன்னு சொல்லுங்க. நான் அவுக்கிற வரைக்கும் நீங்க அவுக்கக் கூடாது."

அந்தக் கட்டோடு திரும்பவும் போனேன். ஊரே இரக்கப்பட்டது. மதினி, காயம் என்ன ஏது என்று பிரித்துக்கூடப் பார்க்காமல், கட்டின் மேலேயே மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டார். ஒரு கீறல்கூட இல்லாத கைக்கு தினமும் பற்று. சகலை மட்டும் ஒரு தடவை கட்டைப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, "பெரிய அடிதான் போலருக்கு சகலை" என்றார்.

கை ஆகாதவனுக்கு என்ன வேலை கொடுப்பது? காலையில் கமலை பூட்டி, மாடுகள் கிணற்றுத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்ததும், என்னை வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பாத்தி நிறைந்தால் "நெறஞ்சிருச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இடது கை விரல் தானாக மண்ணில் கோடு போடும். அழித்துவிடுவேன். மூன்றாம் நாள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி, பாத்தி உடைந்து, சகலையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலாம் நாளிலிருந்து தூக்கமும் வரவில்லை, கோடு போடவும் தோன்றவில்லை. தண்ணீர் ஊர்ந்து வரும். காய்ந்த மண் கறுக்கும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறேன் என்ற நினைப்புக்கூட இல்லை. மலைப் பக்கமிருந்து காற்று வந்தால் முகத்தில் படும், அவ்வளவுதான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வேலியில் ஏறியிருந்த பீர்க்கங்கொடியைத் தற்செயலாகப் பார்த்தேன். அதன் இலைகளில் எதுவும் என் ஐந்து இலைகளைப்போல இல்லை. எதைப் பற்றுவது என்று தெரியாமல் காற்றில் கையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு நுனியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வரைய வேண்டும் என்று தோன்றவில்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் மனைவி கட்டை அவிழ்த்தாள். மறுநாள் காலையில் உட்கார்ந்தவன் மத்தியானத்துக்குள் கொடியை முடித்துவிட்டேன். அது தன்பாட்டுக்குப் போர்டின் ஓரத்தில் ஏறி, மூலையில் தயங்கி, திரும்பி, எழுத்துக்களுக்குள் எட்டிப் பார்த்தது. பாய் வந்தார். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே பார்த்தார். குறை எதுவும் சொல்லாமல் போனதே எனக்குப் பெரிய பாராட்டு. கடை திறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. மனைவி சிரட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் முழுவதும் பச்சை அடித்துவிட்டேன்.

மறுநாள் பாய் வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கோடு வந்துருச்சு ஆர்ட்டிஸ்டே. கலர் ஏன் இப்பிடித் தூங்குது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே திரும்பி, "என்ன பச்சை கலக்கிக் குடுத்த நீ?" என்று கத்தினேன்.

அவள் பின்கட்டிலிருந்து வந்தாள். "எப்பவும் கலக்குற பச்சைதாங்க" என்றாள். சொல்லிவிட்டு, நிற்க முடியாதவள் மாதிரி ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். அந்தக் கையில் நகத்தைச் சுற்றிலும் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருந்தது. நான் ஊரில் இல்லாத நாட்களில் அவள் தேய்த்து வெள்ளை அடித்த பன்னிரண்டு போர்டுகள் பின்னால் வரிசையாகச் சாய்ந்து நின்றன. வந்ததிலிருந்து அவற்றை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கண்ணில் படவில்லை.

பாய் மெதுவாக நழுவிவிட்டார். நான் அவள் கலக்கிய சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான புதிதில் அவள் ஒரே பச்சையை இரண்டு தடவை கலக்கமாட்டாள். மஞ்சளைக் கூட்டுவாள், ஒரு துளி கறுப்பு விடுவாள், விரலில் தொட்டு வெயிலில் நீட்டிப் பார்ப்பாள். "அந்த ஆர்ட்டிஸ்ட் கை கலரே தனி" என்று ஊர் சொன்னதெல்லாம் அவள் கையை. நான் அதைக் கேட்டுப் பூரித்துப்போய் நின்றிருக்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட, அது என் கை இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதுகூட இல்லை. இப்போது அவள் கை களைத்துப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரே பச்சையைக் கலக்குகிறது. அதைக் களைக்க வைத்ததில் என் விடுமுறைகளுக்கும் பங்கு உண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா" என்றேன்.

"அங்க போனா அக்காவோட அடுப்படியில நிப்பேன். அதுக்கு இங்கயே நிக்கலாம்" என்றாள்.

பாயிடம் போய் போர்டு திறப்புக்கு வராது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கலர் கலக்கியது யார் என்று முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னது அன்றுதான். அவர் கொஞ்ச நேரம் செருப்புத் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப கோட்டோடயே மாட்டுவோம்" என்றார். அடித்த பச்சையை டர்பன்டைன் போட்டுத் துடைத்து, கலைந்த கோடுகளைத் திரும்ப இழுத்து, வெறும் கோடாகவே போர்டைத் திறப்பு விழாவில் மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து என்ன பாய் இது என்று கேட்டார்கள். "கலர் வந்துக்கிட்டிருக்கு" என்று அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி பூந்தி கொடுத்தார்.

வீட்டில் என் மனைவியை உட்கார வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நான் வைத்த குழம்பின் வாசனைக்கு ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினாள். கடைசியில் அவளுடைய யோசனையையே அவளுக்குச் செய்தேன். இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக் கட்டினேன். வெந்நீர் கொட்டிவிட்டது என்று தெருவில் சொன்னேன். முதலில் முறைத்தாள், பிறகு கட்டுப் போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேளைக்கு ஒருவர் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை அதிகாரம் செய்தாள். மூன்றாம் நாள் தூங்க ஆரம்பித்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், பின்வாசலில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். சத்தம் போடாமல் நகர்ந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கட்டை அவளே பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு, சிரட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போர்டைக் கழற்றிக்கொண்டு பாயும் வந்துவிட்டார். மஞ்சள், நீலம், கத்தி நுனியில் கொஞ்சம் சிவப்பு. வெகு நேரம் குழைத்தாள். போர்டின் ஓரத்தில் ஒரு இலையில் தடவினாள். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. பிரஷ்ஷை எடுத்துக் கையை நீட்டிவிட்டேன்.

அவள் அந்த இலையைத் துணியால் துடைத்தாள்.

"இது இல்லங்க" என்றாள். "இன்னைக்கு வரல. நாளைக்குப் பாப்போம்."

பதினோரு வருஷத்தில் நான் கேட்ட எதையும் அவள் நாளைக்கு என்று சொன்னதில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கோரைப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.