வடக்கே போவதாகச் சொன்னவர்

எங்கள் சேவைச் சங்கத்தின் மதிய உணவுக் கூட்டத்துக்குத் தையல் இயந்திரம் பெற வந்திருந்த பழவேற்காட்டு மீனவப் பெண் என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். பேச வந்த முன்னாள் ராணுவ அதிகாரி, மரத்தில் செய்த போலிப் பீரங்கிகளை நிறுத்தி எதிரியைத் திசைதிருப்பிய கதைகளைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஏனென்று கேட்டதும் சொன்னாள். வலையில் மீன் விழும் இடம் பிறருக்குத் தெரியாதிருக்கத் திசையை மாற்றிச் சொல்வது அவர்கள் ஊர் வழக்கம். அவள் கணவன் வடக்கே போவதாகச் சொல்லிவிட்டுத் தெற்கே போயிருந்தான். படகு திரும்பாதபோது ஊரே வடக்கில் தேடியது. பிறகு தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் உடைந்த படகு மட்டும் கரை ஒதுங்கியது.

"என்னாண்டயும் வடக்கேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு," என்றாள். "இந்தப் பட்டாளத்துக்காரங்க பொண்டாட்டியாண்டயாச்சும் நெசத்த சொல்லியிருப்பாங்களாக்கா?"

"யாருமே சொல்லமாட்டாங்கம்மா," என்றேன். நான் படித்தவரை அதுதான் உண்மை. அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.