தட்டையாகிப்போன சரித்திரப் புத்தகம்

பைண்டர் கடையில் அன்றைக்கு நான் இருந்தேன். என் நண்பனின் அக்காள் இருந்தாள். பைண்டர் அண்ணாச்சி இருந்தார். எங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய என் அப்பா தெருவில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நண்பன் மட்டும் இல்லை. செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டவும், தான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கவும் பாளையங்கோட்டைக்கு ரயிலேறிப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் தடுத்திருப்பான்.

எட்டு வயதில் அம்மை கண்டு அவனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. அப்புறம் பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் புள்ளி எழுத்துப் படித்தான். தடித்த தாளைச் சட்டத்தில் மாட்டி ஊசியால் குத்தினால் மறுபக்கம் புள்ளி புடைத்து நிற்கும். விரலால் தடவி வாசிக்க வேண்டும். அந்தப் படிப்போடு பள்ளி இறுதியும் தேறி, இன்டர்மீடியட்டில் என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தான். பாளையங்கோட்டைக் காலேஜில் அவன் விரலுக்கு எட்டிய புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. நான் உரக்க வாசிப்பேன், அவன் கேட்டுக்கொள்வான். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. எனக்கு அலுப்புத் தட்டிய இடங்களில் பக்கங்களைத் தாண்டியிருக்கிறேன். அவனிடம் அதைச் சொன்னதில்லை. மார்ச் பரீட்சையில் நான் தேறினேன். அவன் சரித்திரத்தில் விழுந்தான்.

அவனுடைய அப்பாவுக்கு மேலகரத்தில் எண்ணெய்க்கடை. "செப்டம்பர்ல தேறலைன்னா கடையில வந்து உக்காரட்டும். காசைத் தடவிப் பாத்து எண்ணிரலாம், அதுக்குக் கண்ணு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு வழி செய்துவிட்ட நிம்மதியோடு சொன்னார். நண்பனுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று அக்காள் சொன்னாள்.

சரித்திரப் புத்தகம் முழுவதையும் புள்ளியில் ஏற்றிவிடுவது என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு செய்தோம். காலையில் நான் வாசிக்க அவன் குத்துவான். மத்தியானம் அவன் கை ஓய்ந்ததும் அக்காள் உட்காருவாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் பட்டாளத்தில், எங்கே இருக்கிறார் என்று கடிதத்தில் எழுதக்கூட அனுமதியில்லாத காலம். இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்தும் அவற்றின் புள்ளிகளும் மட்டும் தம்பியிடம் கற்றுக்கொண்டாள். கூடவே இருந்து எனக்கும் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குப் பழகின. நான் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். பொருள் தெரியாமலே குத்திக்கொண்டு போவாள்.

"இந்த ராஜாவுக்கு எத்தனை பெண்டாட்டி தம்பி?"

"ஆறுக்கா."

"ஆறா? பாவி மட்டை! அத்தனை பேரையும் எழுத்துக் கூட்டியில்லா குத்தணும்! ஒருத்தியோட இருந்தா எனக்கு மணிக்கட்டு வலிச்சிருக்காதே."

சித்திரை வெயிலில் தொடங்கினோம். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத சமயம். பழைய காலண்டர், ஜவுளிக்கடைத் தாள், பார்சல் உறை என்று கிடைத்ததிலெல்லாம் குத்தினோம். ஆடி பிறந்தபோது வேலை முடிந்தது. எனக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. அக்காளின் கட்டைவிரல் தோல் தடித்துவிட்டது. வீடு முழுக்கத் தாள். சாரல் காற்று ஜன்னல் வழியாக வந்து தாள்களை வெற்றிலை மாதிரி சுருட்டியது.

பைண்டு போடலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் கையில் எடுத்தவன் நான். அப்பா சீசனில் தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் வண்டி அடித்து என்னைப் படிக்க வைத்தார். புத்தகம் என்றால் அட்டையும் முதுகில் துணியும் இருக்க வேண்டும், நண்பனுடையதும் மற்றவர்களுடையது போல இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அவன் பாளையங்கோட்டையிலிருந்து திரும்பும்போது மூன்று பாகமாகத் தயாராக இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

பைண்டர் அண்ணாச்சி தென்காசிக் கடைகளுக்கெல்லாம் பேரேடு தைத்துக் கொடுக்கிறவர். தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, காயிதம் பூரா அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

அக்காள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தக் கணத்தில் நான் விளக்கியிருக்கலாம். அவள் முன்னால் அந்தப் பேச்சை வளர்க்கக் கூடாது என்று அவசரப்பட்டேன். "ரொம்பச் சுருண்டு போச்சு அண்ணாச்சி. நல்லா அழுத்தமாப் போட்டுத் தாங்க" என்றேன். இந்தச் சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தன.

நாலு நாள் கழித்துப் போய் வாங்கினேன். கருநீல முதுகுத்துணி, விளிம்பெல்லாம் ஒரே சீராக வெட்டு. "மேடு பள்ளம் போகட்டும்னு சுத்தியால தட்டி, பிரஸ்ல ரெண்டு நாள் கூடுதலா வச்சேன். அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்து நானும் அக்காளும் ஒவ்வொரு பாகமாகத் திறந்து பார்த்தோம். குத்திய தடம் ஒன்றுகூட மறையவில்லை. புள்ளிகளைக் கண்ணால் பார்த்தே வாசித்துப் பழகிய இரண்டு பேர் நாங்கள். விரல் வைத்துப் பார்க்கவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் நண்பன் வந்தான். முதல் பாகத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவினான். முகம் மலர்ந்தது. திறந்து விரலை ஓட்டினான். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் ஓட்டினான்.

"ஏலே, எழுதின பக்கம் எதுலே?"

"நீ தொட்டுக்கிட்டு இருக்கியே, அதுதான்."

"வெறுந்தாள்லா இது."

"இல்லலே, குத்தினதெல்லாம் அப்படியே இருக்கு. எனக்குத் தெரியுதே" என்றாள் அக்காள்.

"ஒனக்குத் தெரியும்க்கா" என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. "இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கான் இவன்" என்று என் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அடுத்த பாகத்தை அவன் தொடவே இல்லை.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. தையலைப் பிரித்து, பழைய தடத்திலேயே பின்னாலிருந்து மறுபடி குத்திப் பார்த்தோம். அடித்து நைந்த தாள் பல இடங்களில் பொத்துக்கொண்டது. புள்ளி எது, கிழிசல் எது என்று அவன் விரலுக்குப் பிடிபடவில்லை. முதல் பாகத்தை மட்டும் எப்படியோ தேற்றினோம். மிச்சத்தை நான் வாசித்தேன். இந்தத் தடவை ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் என்ன? கேட்டது கேட்டதுதான், திருப்பித் தடவிப் பார்க்க முடியாது. கேள்விகள் பெரும்பாலும் மூன்றாம் பாகத்திலிருந்து வந்தன. மறுபடியும் விழுந்தான். அடுத்த வாரமே எண்ணெய்க்கடையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இதற்குள் எனக்குத் தென்காசி மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. ஒருநாள் பைண்டர் அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபமாகத்தான் போனேன். அவர் பசை ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா தம்பி? போட்டோ ஆல்பத்துக்குத் தாளுக்குத் தாள் நடுவுல முதுகோரமா அட்டைப் பட்டை வச்சுத் தைப்போம். அப்பம் ஒண்ணோட ஒண்ணு அமுங்காது. பிரஸ்ல வைக்கவே வேண்டாமே. நீங்கதான அழுத்தமாப் போடச் சொன்னீக?"

மறுபடியும் குத்தத் தாள் கிடைக்குமா என்று கேட்டேன். அட்டைக்கு உள்ளே ஒட்டும் தடித்த தாள் அவரிடம் கொஞ்சம் இருந்தது. வாங்கின விலைக்கே தருகிறேன் என்றார்.

எண்ணெய்க்கடைக்காரரைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. "ரெண்டு தடவை கட்டியாச்சு. மூணாவது பணம் என் மடியிலருந்து வராது" என்றார். "எங்க மடியிலருந்து வந்தா அனுப்புவீங்களா?" என்று அக்காள் கேட்டாள். தகப்பனாரை அவள் எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் எண்ணெய் அளப்பதை நிறுத்தவில்லை. "மத்தியானத்துக்கு மேல கடையில ஏவாரம் கிடையாது. அப்பம் வேணும்னா படிக்கட்டும்" என்றார்.

ஐப்பசியில் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஆறு பெண்டாட்டிக்கார ராஜா திரும்ப வந்தபோது அக்காள் ஒன்றும் கேட்கவில்லை. மரக்கடையிலிருந்து சாயந்தரம் மேலகரத்துக்கு நடந்து வந்து வாசிப்பேன். சில நாள் வாசித்துக்கொண்டே கண் செருகிவிடும். "லே, ராஜா செத்துட்டானா, நீ செத்துட்டியா?" என்று நண்பன் முழங்காலில் தட்டுவான். மாசியில் முடித்தோம். ஆல்பம் மாதிரி தைத்து வந்தது. வாங்கும்போது கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பக்கம் தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு எழுத்துப் புரியவில்லை. புடைப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

மார்ச்சில் தேறினான். மூன்றாம் வகுப்புதான். பி.ஏ.வில் சேர முடியுமா என்று விசாரிக்க மறுபடியும் ரயிலேறினான். எனக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் தூக்கம்தான் வந்தது. இரண்டாம் தரம் வாங்கிய தாள், இரண்டு பைண்டு, இரண்டு பரீட்சைக் கட்டணம், பாளையங்கோட்டைக்குப் போய்வந்த ரயில் செலவு எல்லாம் சேர்த்து, அவன் அப்பா கட்டியதும் அக்காள் கம்மலை விற்றுக் கொடுத்ததும் என் சம்பளத்தில் போனதுமாக, அந்த ஒரு புத்தகத்துக்கு எங்களுக்கு ஆனது தொண்ணூற்றொரு ரூபாய் ஆறணா.